பின்சீட்டு ஈரம்

புரட்டாசி 3, புதன்

தொப்புளா, இன்னிக்கும் மழை. விடியக்காலையில இருந்து தகரத்துல ஒரே சத்தம். துணி காயல. உளுந்து ரெண்டு படி ஊறப் போட்டாச்சு. இந்த மழையில வடை சுட்டா யார் வாங்குவா.

உன் நோட்டுலதான் எழுதறேன். லாரி டிரிப் எழுதி வச்சிருந்தியே, அது. பாதிக்கு மேல வெறும் தாள். எழுத்து நீ கத்துக் கொடுத்ததுதானே, மூட்டை மேல இருக்கற பேரைக் காட்டிக் காட்டி. அரிசி, பருப்பு, வெங்காயம் இதெல்லாம் அழகா வரும். மத்ததெல்லாம் கோணல். இருக்கட்டும். யார் பார்க்கப் போறா.

இன்னியோட முப்பத்தொம்பது நாள்.

மத்தியானம் பழனி வந்தான். நீ போனதுல இருந்து லாரியை அவன்தானே ஓட்டறான். சித்தப்பா மகன்தான், ஆனாலும் சம்பளத்துக்கு வந்த ஆள் மாதிரி வாசல்லயே நிப்பான். தலையைத் துவட்டிக்கிட்டே சொன்னான்.

"அக்கா, பட்டறைக் காதர் அண்ணன் அந்தச் சிவப்புக் கார் வண்டியை உடைக்கப் போறாராம். சனிக்கிழமை."

"ஏன்?"

"யார் வாங்குவா அக்கா. அதுல..."

டீயை ஊதி ஊதிக் குடிச்சான். அதுல நீ செத்துக் கிடந்தன்னு சொல்ல வந்தான்.

சாயங்காலம் உளுந்து அரைச்சேன். கை அது பாட்டுக்கு அரைக்குது.

புரட்டாசி 4, வியாழன்

மழை விட்டுது. புழுக்கம். ராத்திரி ஆத்துத் தண்ணி நம்ம படி வரைக்கும் வந்துட்டுப் போயிருக்கு. ஒரே சேறு. சீமெண்ணெய் வாங்கணும். உப்பு.

அந்த ஞாயித்துக்கிழமையை எழுதி வச்சிடறேன். மனசுல வச்சிருந்தா நாளுக்கு நாள் மாறுது.

காலையில நீ கேட்ட. "லாரியைக் குடுத்துட்டு அந்த வண்டியை வாங்கிக்கறேன்க்கா. காதர் அண்ணன் சரின்னுட்டாரு." நாலாவது தடவை கேக்கற.

"லாரி சோறு போடுது. அந்தச் சிவப்பு என்ன போடும்?"

"எல்லாத்துக்கும் சோறுதானா?"

"பதினஞ்சு வருஷத்துக் கிழட்டு வண்டி. வெள்ளைக்காரனே வேணாம்னு போட்டுட்டுக் கப்பல் ஏறிட்டான். ரெண்டு பேர்தான் உக்காரலாம். உன் பக்கத்துல உக்கார யார் இருக்கா?"

இதைச் சொல்லியிருக்க வேணாம். இருபத்தாறு வயசு உனக்கு. பொண்ணு பார்க்காம தள்ளித் தள்ளிப் போட்டது நான். அம்மா செத்தப்ப நீ தவழற புள்ள, தொப்புள் துருத்திக்கிட்டு. தூக்கி வளர்த்தவளுக்கு நீ வளர்ந்ததே கண்ணுல படல.

சட்டையை மாட்டிக்கிட்டு "போறேன்"னு சொன்ன. நம்ம வீட்டுல யாரும் போறேன்னு சொல்லமாட்டோம். போயிட்டு வர்றேன்னுதான் சொல்லுவோம். நீ பேச ஆரம்பிச்சதுல இருந்து அப்படித்தான். அன்னிக்கி போறேன்ன. நானும் திருத்தல. அடுப்பு ஊதிக்கிட்டிருந்தேன்.

காதர் அண்ணன் பட்டறைக்குப் போய், ஒரு சுத்து ஓட்டிட்டு வர்றேன்னு வண்டியை எடுத்திருக்க. அப்ப மணி மூணு. கடலோரம் போற பத்து பிரிங்கி ரோட்டுல பாறை ஒன்னு ரோட்டுக்குள்ள துருத்திக்கிட்டு நிக்குமே, அந்த வளைவு. அஞ்சு மணிக்கு ஒரு மீன்காரர் பார்த்திருக்காரு. நல்ல வெயில். வண்டி ஓரமா ஒழுங்கா நின்னுச்சாம். ஒரு கீறல் இல்ல. நீ ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல வச்சபடி. நெஞ்சு நின்னு போச்சுன்னாங்க ஆஸ்பத்திரியில.

ஒரு சங்கதியை மட்டும் எங்கிட்ட மறைச்சிட்டாங்க. பழனிதான் பத்து நாள் கழிச்சு உளறினான். வண்டியோட பின்மூடி திறந்து கிடந்துச்சாம்.

நீதானே எனக்குச் சொன்ன, அந்த வண்டிக்கு முதுகுல ஒரு மூடி, தூக்கி நிறுத்தினா அதுவே சாய்மானம், உள்ள ஒரு தோல் சீட்டு, அவசரத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேர் உக்காரலாம்னு. வெளிய நின்னு பிடியைத் திருகினாத்தான் அது திறக்கும்னும் சொன்ன. அப்ப நீ வண்டியை நிறுத்தியிருக்க. இறங்கி வந்து திறந்து விட்டிருக்க. யாரையோ ஏத்தியிருக்க.

உன் பக்கத்து சீட்டு காலியா இருக்க, பின்னால ஏன் ஏத்தின?

அது யாரு? நீ சாகறதைப் பார்த்துட்டு இறங்கிப் போயிட்டாங்களா? கடைசியா நீ என்ன சொன்ன, எம்மேல கோவமாவே இருந்தியா, அது அவங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

புரட்டாசி 6, சனி

தலை முழுகிட்டு பழனியோட லாரியில டத்தோ கிராமாட் ரோட்டுப் பட்டறைக்குப் போனேன். லாரி மேல நீ எழுத வச்ச உன் பேரு "மாணிக்கம்" இன்னும் பளிச்சுன்னு இருக்கு.

மாமரத்தடியில நிக்குது வண்டி. நீண்ட மூஞ்சி. நடுவுல தோல் வார் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கு, வயித்துவலிக்காரன் மாதிரி. சிவப்பு வெளுத்து, நாள்பட்ட குங்குமம் மாதிரி ஆயிருச்சு. ஒரு ஆள் முன்விளக்கைக் கழட்டிக்கிட்டிருந்தான்.

காதர் அண்ணன் நாற்காலி போட்டாரு. மனுஷர் இளைச்சுட்டாரு.

"அண்ணே, உடைக்காதீங்க. எனக்குக் குடுங்க."

"உனக்கு எதுக்கும்மா?"

"லாரியை எடுத்துக்கிட்டு இதைக் குடுங்க. என் தம்பி கேட்ட மாதிரி."

தொப்பியைக் கழட்டி முழங்கால்ல வச்சுக்கிட்டாரு. "தங்கச்சி, லாரி ஓடற வண்டி. இன்னைக்கும் முன்னால கம்பியை விட்டு ஒரு சுத்து சுத்தினா கிளம்புது. இது பத்து சுத்து சுத்தினா ஒருதடவை இருமும். இதை உன் தலையில கட்டினா ஊரு என்ன பேசும்? செத்தவனோட அக்காவை ஏமாத்திட்டான் காதருன்னு பேசும்."

"அவன் கேட்டப்ப சரின்னீங்களே."

"அவன் ஆம்பளை. ஓட்டத் தெரிஞ்சவன். ஆசைப்பட்டான். நீ வேணும்னா சும்மா எடுத்துட்டுப் போ. லாரியும் உங்கிட்டயே இருக்கட்டும்."

"சும்மா வேணாம் அண்ணே. மாத்திக்கறதாத்தான் அவன் சொன்னான். அவன் சொன்ன மாதிரியே நடக்கணும்."

பழனி கீழ பார்த்துக்கிட்டே, "அக்கா, யோசிச்சுச் செய்யி. எனக்கு மூணு புள்ளைங்க"ன்னான்.

காதர் அண்ணன் தொப்பியை எடுத்துத் திரும்ப மாட்டிக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு: "பழனி எங்கிட்டயே லாரியை ஓட்டட்டும். லாரி மேல இருக்கற பேரை உங்க ஆயுத பூஜை முடியற வரைக்கும் அழிக்கமாட்டேன். மறுநாள் நானே வந்து கேப்பேன். மாத்திக்கணும்னா அன்னிக்கே மாத்திக்கலாம். ஆனா இந்த வண்டி திரும்பி என் பட்டறைக்கு வந்துச்சுன்னா அன்னிக்கே உடைச்சிடுவேன். இது என் கண்ணு முன்னால நிக்கக் கூடாது. அவன் கையில இதைக் குடுத்தது நான்."

கழட்டின விளக்கைத் திரும்ப மாட்டச் சொன்னாரு.

பழனிதான் ஓட்டிட்டு வந்தான். பதினோரு சுத்து. எனக்கு லாரியில மேல உக்காந்து பழக்கம். இதுல ரோடு மடியில கிடக்கற மாதிரி இருக்கு. இதுக்குத்தான் ஆசைப்பட்டியா.

புரட்டாசி 8, திங்கள்

மூட்டம். மழை இல்ல. வடை நூத்தி இருபது, மிச்சம் பதினெட்டு. துறைமுகத்துல வேலை குறைச்சலாம், ஆளுங்க கடனுக்குக் கேக்கறாங்க.

குழாயடியில பக்கத்து வீட்டுப் பவளம், எனக்குக் கேக்கணும்னே: "மகராணி நாளைக்கு வடையைக் கார்லயா கொண்டு போறாங்க?"

இன்னொருத்தி: "கார்ல போனா வடை சீக்கிரம் ஆறிடுமாம். அதான் நடந்து போறாங்க."

சிரிச்சாளுங்க. எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்துச்சு. குடத்தைத் தூக்கி விட்டது பவளம்தான்.

வண்டிக்குள்ள இருந்தது:
ஸ்பேனர் ரெண்டு.
அறுந்த தோல் வார்.
வெள்ளைக்காரியோட கையுறை ஒத்தை, எலி கடிச்சது.
ஓட்டறவர் சீட்டு இடுக்குல கிராம்பு நாலு. மென்னு துப்பினது.

சொத்தைப் பல்லுல அடக்கி வச்சுக்கிட்டே ஓட்டுவியே. லாரியில அங்கங்க கிடக்கும், நான் திட்டுவேன். நாலையும் முடிஞ்சு வச்சிருக்கேன்.

பின்மூடியையும் திறந்தேன். பிடி இறுகிப் போயிருக்கு, பழந்துணி சுத்தித் திருகினேன். உள்ள ஒன்னும் இல்ல. காஞ்ச தோல். சுத்தமா இருக்கு. வாடை மட்டும், தண்ணி வடிஞ்சப்பறம் கடலோரச் சேத்துல வருமே, அந்த வாடை.

புரட்டாசி 10, புதன்

வெயில். மிளகாய் காயுது.

ஒரு சங்கதி. லாரி நின்னப்ப கோழியெல்லாம் அதுக்கு அடியிலதான் படுக்கும். இந்த வண்டிக்கு அடியில போகல. முன்சக்கரம் வரைக்கும் கிளறிக்கிட்டே வருது. அங்க நின்னு தலையைச் சாய்ச்சுப் பார்க்குது. திரும்பிடுது. நாலு கோழியும் அப்படித்தான். அரிசி குருணையைப் பின்சக்கரத்துகிட்ட இறைச்சுப் பார்த்தேன். வரல. இப்பவும் அங்கேயே கிடக்கு. எறும்பும் எடுக்கல.

மத்தியானம் உன் சீட்டுல உக்காந்தேன். ஸ்டியரிங்ல ரெண்டு இடத்துல மெழுகு மாதிரி தேய்ஞ்சிருக்கு. அங்க கை வச்சேன். கண்ணை மூடினேன். கிராம்பு வாசம். அழுகை வரல. முதுகுப் பக்கம் மட்டும் யாரோ எட்டிப் பார்க்கற மாதிரி கூசிச்சு. திரும்பல. எந்திரிச்சு வந்து உலையைப் பார்த்தேன்.

பழனிகிட்டச் சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை அங்க போகணும்.

புரட்டாசி 14, ஞாயிறு

நல்ல வெயில். அன்னிக்கி மாதிரியே.

மூணு மணிக்குக் கிளம்பணும்னேன், அவன் ஏன்னு கேக்கல. கேன்வாஸ் கூரையை மடக்கி வச்சான். தஞ்சோங் பூங்கா ஊரைத் தாண்டினதும் காத்து. வண்டி அழகாத்தான் ஓடிச்சு தொப்புளா. பொய் சொல்லமாட்டேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவுல நாங்க தரையோட தரையா. பழனிகூடச் சிரிச்சான். "இதை ஓட்டினா புள்ளைகுட்டி ஞாபகமே வராது போல அக்கா." உடனே வாயை மூடிக்கிட்டான்.

பாறை வளைவு. நிறுத்தினான். இஞ்சினை அணைச்சதும் அலைச் சத்தம் மட்டும். கீழ கொஞ்சம் மணல், ஒரு படகு. வலை பிரிச்சுக்கிட்டிருந்தாரு ஒரு மலாய்க்காரப் பெரியவர். வண்டியைப் பார்த்ததும் வலையைப் போட்டுட்டு எந்திரிச்சுட்டாரு. அவர்தான் உன்னைப் பார்த்தவர்.

சந்தையில பழகின பாசார் மலாய்ல கேட்டேன். நான் அக்கான்னு சொன்னேன். நெஞ்சுல கை வச்சாரு.

"அன்னிக்கி யாராவது இறங்கிப் போனாங்களா?"

"நான் பார்க்கல."

"வண்டி எப்படி இருந்துச்சு?"

"பின்னால திறந்திருந்துச்சு. சீட்டு நனைஞ்சு, தண்ணி கீழ சொட்டிக்கிட்டிருந்துச்சு. மீன் கூடை வச்சிருந்தாரு போலன்னு நினைச்சேன்."

"மழையா?"

"மழை இல்லம்மா. அன்னிக்கி வரைக்கும் ரெண்டு வாரமா ஒரு சொட்டு விழல."

"கூடை இருந்துச்சா?"

"இல்ல"ன்னாரு. அப்புறம் அந்த வண்டிப் பக்கம் வரவே இல்ல.

அன்னிக்கி எப்படி இருந்துச்சோ அப்படி வைன்னு பழனிகிட்டச் சொன்னேன். மூடியைத் திறந்து நிறுத்தினான். சீட்டு காஞ்சிருந்துச்சு, தொட்டுப் பார்த்தேன். கற்பூரம் கொளுத்தினேன், காத்துல ரெண்டு தடவை அணைஞ்சுது. வாழைப்பழம் ரெண்டு. கருப்புக் காப்பி, சீனி தூக்கலா. உனக்குப் பிடிச்ச மாதிரி. பாறை மேல வச்சேன்.

அப்பதான் ஒரு தப்பு நடந்துச்சு.

செத்த வீட்டுல இருந்து கிளம்பும்போது யாரும் சொல்லிட்டுப் போகமாட்டாங்க. எந்திரிச்சு, திரும்பிப் பார்க்காம நடந்துடணும். சின்னப் புள்ளைக்கும் தெரியும். உன் காரியத்துக்கு வந்தவங்க அத்தனை பேரும் அப்படித்தான் போனாங்க. நான் என்ன நினைப்புல இருந்தேனோ. ஏறப் போனவ திரும்பி நின்னு, அந்தப் பாறையைப் பார்த்து, வாய்விட்டு, "போயிட்டு வர்றேன்டா"ன்னேன்.

பழனி என் கையைப் பிடிச்சான். "அக்கா, என்ன சொன்ன?"

என்ன சொன்னேன்னு அப்பதான் எனக்கே தெரிஞ்சுது. நீ சொல்லாமப் போனதைத்தான் நான் சொல்லிட்டேன் போல.

அவன் மூடியைச் சாத்தப் போனான். ஒரு கையால திறந்தவன், ரெண்டு கையாலயும் அழுத்திச் சாத்தினான். ஒரே சுத்துல வண்டி கிளம்பிச்சு. ஒரே சுத்து.

வரும்போது மேடு ஏறல. மூஞ்சி தூக்கிக்கிட்டு, பின்பக்கம் தாழ்ந்து, மூட்டை ஏத்தின லாரி மாதிரி முனகிக்கிட்டே வந்துச்சு. "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்"னு பழனி மூணு தடவை சொன்னான். நான் கேக்கல. அவனா சொன்னான்.

புரட்டாசி 15, திங்கள்

வெயில். நேத்தும் மழை இல்ல, முந்தாநேத்தும் இல்ல. எழுதி வச்சிடறேன்.

காலையில மூடியைத் திறந்தேன். சீட்டு நனைஞ்சிருக்கு. நடுவுல இல்ல. வலது ஓரமா, ஓட்டறவருக்கு நேர் பின்னால, ஒரு ஆள் உக்காந்து எந்திரிச்ச அளவுக்கு.

விரலை வச்சு நக்கிப் பார்த்தேன். உப்பு.

பழந்துணியால துடைச்சேன். வெயில்ல திறந்து வச்சேன். காஞ்சுது. வடை சுட நேரமாச்சு. எண்ணெய் தெறிச்சு இடது கை மணிக்கட்டுல கொப்புளம்.

புரட்டாசி 17, புதன்

மறுபடி நனைஞ்சிருக்கு. அதே இடம்.

பவளம் புளி கேக்க வந்தவ, வண்டிக்கு அந்தண்ட நின்னு, "உங்க வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களா?"ன்னா.

"இல்லையே. ஏன்?"

"சும்மா கேட்டேன்." புளியை வாங்காமயே போயிட்டா.

கோழி நாலும் அவ வீட்டுல போய் அடையுது.

புரட்டாசி 21, ஞாயிறு

தூறல். சந்தோஷமா இருக்கேன். அதைச் சொல்லத்தான் நோட்டை எடுத்தேன்.

காலையில பின்சீட்டைத் துடைக்கப் போனா, ஈரத்து நடுவுல ஒரு கிராம்பு. மென்னது. முன்னால எடுத்தது நாலு, முடிச்சை அவுத்து எண்ணிப் பார்த்தேன், நாலும் இருக்கு. இது அஞ்சாவது. இன்னும் நைஞ்சுதான் இருக்கு. பல் பட்ட தடம்.

நீதான். வேற யாரு கிராம்பை அப்படி மெல்லுவா.

கருப்புக் காப்பி போட்டு மூடி மேல வச்சேன். பக்கத்துலயே குந்திக்கிட்டுப் பேசிக்கிட்டிருந்தேன். லாரியைக் குடுத்துட்டேன், நீ கேட்டது நடந்துடுச்சு, இப்ப கோவம் இல்லையே, அப்படி இப்படின்னு. பவளம் வீட்டுக் கதவு சாத்தற சத்தம் கேட்டுது. சாத்தட்டும்.

நாளைக்கு ஆயுத பூஜை. வாங்க வேண்டியது: பொரி, கடலை, பூசணி ஒன்னு, எலுமிச்சம்பழம் நாலு, சந்தனம். வண்டிக்கு உன் பேரையே எழுதிடலாமா. பழனிகிட்டக் கேக்கணும்.

புரட்டாசி 22, திங்கள். ஆயுத பூஜை

சாயங்காலம் பழனி வந்தான். பட்டறையில லாரிக்குப் படைச்சுட்டு வர்றான். காதர் அண்ணனே பூ வாங்கிக் குடுத்தாராம். "உங்க சாமி, உங்க வண்டி, நான் ஓரமா நிக்கறேன்"னாராம். லாரி கிண்ணுன்னு இருக்காம். புது பிரேக்கு போட்டிருக்காராம்.

சிவப்பு வண்டிக்குச் சந்தனம் வச்சேன். மாலை போட்டேன். அரிவாள்மணை, ஆட்டுக்கல், எண்ணெய்ச் சட்டி எல்லாத்துக்கும் பொட்டு. நாலு சக்கரத்துக்கும் முன்னால பழம் வச்சாச்சு. காலையில வந்து வண்டியை எடுத்துப் பழத்தை நசுக்கறேன்னு சொன்னான் பழனி. இருட்டறதுக்குள்ள அவனுக்குப் போகணும். இப்பல்லாம் எல்லாருக்கும் இருட்டறதுக்குள்ள போகணும்.

கிராம்பைக் காட்டினேன். கையில வாங்கல. தள்ளி நின்னே பார்த்தான்.

"அண்ணனோடதுதான் அக்கா" அப்படின்னான்.

"நான்தான் சொன்னேனே."

பொரியை வாயில போடாம உள்ளங்கையிலயே வச்சிருந்தான். "ஆனா ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காத. மாணிக்கம் அண்ணனுக்கு இந்த வண்டின்னா உசுரு. ஓட்டறதுக்குத்தானே அந்த உசுரு? ஓட்டற சீட்டு காலியா இருக்கு. அவரு ஏன் பின்னால உக்காரணும்?"

கிராம்பை முடிச்சுல வச்சுக் கட்டினேன்.

"அன்னிக்கி அவருக்குப் பின்னால ஒக்காந்து வந்துச்சே, அதுக்கு அவரு கிராம்பு மெல்றது தெரியாமயா இருக்கும்" அப்படின்னு மெதுவா சொன்னான். பொரியைத் தட்டுலயே போட்டுட்டான். போயிட்டு வர்றேன்னு சொல்லவே இல்ல. திரும்பிப் பார்க்காம நடந்து போனான். செத்த வீட்டுல இருந்து போற மாதிரி.

புரட்டாசி 23, செவ்வாய்

வெளிச்சம் வந்ததும் போய்ப் பார்த்தேன். முன்சக்கரத்துப் பழம் ரெண்டும் முழுசா இருக்கு. பின்சக்கரத்துப் பழம் ரெண்டும் நசுங்கித் தட்டையாக் கிடக்கு. சாறு மண்ணுல ஊறியிருக்கு. வண்டி நகரல. சக்கரத்துக்கு வச்ச கட்டை அப்படியே இருக்கு.

பழனி வந்தான். குந்திப் பார்த்தான். "டயர்ல காத்து இறங்கிப் பிதுங்கியிருக்கும் அக்கா. பழைய டயரு." பம்பை எடுத்துட்டு வந்து மாட்டினான். ரெண்டு அடி அடிச்சான். நிறுத்தினான். டயரை விரலால தட்டிப் பார்த்தான். கல்லு மாதிரி இருக்கு. காத்து இறங்கல.

அப்படியே பம்பைப் போட்டுட்டுத் தெருமுனையில போய் நின்னுக்கிட்டான்.

மணி எட்டு இருக்கும். காதர் அண்ணன் லாரியிலயே வந்துட்டாரு, சொன்ன மாதிரி. வாசல்ல நிக்குது. ஒரு சுத்துல கிளம்பற நம்ம லாரி. உன் பேரு அழியாம இருக்கு. பவளம் வீட்டுல இருந்து கோழி நாலும் ஓடி வந்து அதுக்கு அடியில படுத்துக்கிச்சு.

"தங்கச்சி, என்ன முடிவு? மாத்திக்கறதுன்னா இப்பவே மாத்திக்கலாம். உடைக்கறதுக்கு ரெண்டு ஆளை வரச் சொல்லியிருக்கேன்."

"ஒரு நிமிஷம் அண்ணே."

"நிதானமா வா. நான் நிக்கறேன்."

வண்டிக்குப் பக்கத்துல நின்னு எழுதறேன். மூடியைத் திறக்கல. உள்ள இருந்து சொட்டுச் சொட்டா மண்ணுல விழுது. கிராம்பு வாசமும் வருது, சேத்து வாடையும் வருது. எது மேல எது கீழன்னு பிரிக்க முடியல.

நீயா இருந்தா, உடைக்கக் குடுத்தா உன்னை ரெண்டாவது தடவை வெளிய அனுப்பற மாதிரி. நீ இல்லன்னா, அதை நம்ம வாசல்லயே வச்சுக் காப்பி ஊத்திக்கிட்டிருக்கேன். அன்னிக்கி போறேன்னு சொன்னவன் நீ. வர்றேன்னு சொன்னவ நான். அதைக் கேட்டுட்டு ஏறி வந்தது யாரு?

காதர் அண்ணன் இருமறாரு. கூப்பிடமாட்டாரு, நிப்பாரு.

மூடி மேல கை வச்சிருக்கேன். ஈரமா, சில்லுன்னு இருக்கு. தொப்புளா, உள்ள உக்காந்திருக்கறது நீயா, இல்ல அன்னிக்கி நீ இறங்கி வந்து ஏத்தினியே, அதுவா?